ஜெர்மனியில் ஒரு ஹர்த்தால்

எல்லையோரத்தில் பிறந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எந்த ஊருக்குப் போனாலும், ஒரு பஸ் முடிகிற இடத்தில் இன்னொரு பஸ் எஞ்சினை அணைக்காமல் நமக்காகக் காத்து நிற்கும் என்று நம்புவார்கள். வைத்திய சாஸ்திரத்தில் இதற்குப் பெயர் கிடையாது. எங்கள் வீட்டில் இதற்கு என் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

என் வீடு பாறசாலையில். வேலை பார்த்தது மார்த்தாண்டத்தில், ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுவது. வீடு கேரளம், சம்பளம் தமிழ்நாடு. காலையில் கேரளத்து பஸ்ஸில் ஏறிக் களியக்காவிளையில் இறங்குவேன். கொஞ்சம் நடந்தால் தமிழ்நாட்டு பஸ் உறுமிக்கொண்டு நிற்கும். ஓடிப்போய் ஏறுவேன். சாயங்காலம் அதே சடங்கு தலைகீழாக நடக்கும். தலை நரைக்கும்வரை இப்படியே போய்வந்ததில், உலகத்து அரசாங்கங்கள் எல்லாம் கூடிப் பேசி எல்லைக்கு எல்லை எனக்கு பஸ் விட்டிருக்கின்றன என்று ஒரு நினைப்பு வந்துவிட்டது. (நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்கும் என்பார்கள். என் விஷயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்துக் கெடுத்தது.)

இன்னொரு சவுகரியமும் எங்களுக்கு உண்டு. கேரளத்தில் ஹர்த்தால் என்றால் ஈ காக்கை பறக்காது. கடை, பஸ், ஆட்டோ எல்லாம் முடங்கிவிடும். திருவனந்தபுரத்துக்காரன் முந்தின நாளே பாலும் ரொட்டியும் வாங்கி வைத்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்வான். நாங்கள் அசைய மாட்டோம். காலையில் பையை எடுத்துக்கொண்டு பனச்சமூட்டுப் பக்கமோ களியக்காவிளைப் பக்கமோ நடந்து தமிழ்நாட்டுக்குள் காலை வைத்தால் போதும். வெங்காயம் கிடைக்கும், வாழைக்குலை கிடைக்கும், சூடாக வடையும் கிடைக்கும். ஹர்த்தாலுக்கு மருந்து எல்லையைத் தாண்டுவது என்பது எங்கள் ஊர்க் கைவைத்தியம்.

இந்த இரண்டு அறிவையும் மட்டும் வைத்துக்கொண்டு நான் ஜெர்மனிக்குப் போனேன்.

என் ஒரே மகள் ஸ்ரீஜா அங்கே நர்ஸ். பிரான்ஸ் எல்லைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். ஆஸ்பத்திரி விடுதியில் அவளுக்கு ஒரே ஒரு அறை. அதில் ஒரு கட்டில், ஒரு மேசை, மூலையில் அடுப்பு. என் மனைவி கோமதி காலமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. பாறசாலை வீட்டில் நானும் டி.வி.யும் மட்டும்தான். எங்கள் இருவரில் டி.வி.தான் அதிகம் பேசியது.

"அப்பா அங்க ஒற்றைக்கு இருக்காண்டாம். இங்க வந்து கொஞ்ச நாளு நில்லுங்க" என்று மகள் டூரிஸ்ட் விசாவும் டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்தாள்.

போனேன். பாறசாலையில் தனியாக இருந்தவன் விமானம் ஏறிப் போய் ஜெர்மனியில் தனியாக இருந்தேன். மகள் மேல் ஒரு குற்றமும் இல்லை. அவள் வார்டில் ஆள் போதாது. விடியும் முன்னே ஓடுவாள், இல்லாவிட்டால் விடிந்தபிறகு வந்து விழுவாள். அவள் தூங்கும்போது நான் மூச்சைக்கூடப் பைய விடுவேன். அவள் சாப்பாடு ஆஸ்பத்திரியில், என் சாப்பாடு அடுப்பு மூலையில். நாள் முழுக்க நான் பேசியது வெந்நீர்க் கெட்டிலிடம் மட்டும்தான். "கொதிச்சாச்சா?" என்று கேட்பேன். அது நல்ல ஜெர்மன்காரக் கெட்டில், கேட்ட கேள்விக்கு மட்டும் டிக் என்று பதில் சொல்லும்.

பொழுது போக வேண்டுமே என்று பஸ்ஸில் ஏறிச் சுற்ற ஆரம்பித்தேன். மகளிடம் கார் கிடையாது, எனக்கு ஓட்டவும் தெரியாது. முதல் நாள் ஏறியபோது பஸ் காலியாகக் கிடந்தது. நடுவில் ஒரு அம்மாள் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நான் வழக்கம்போலப் போய் அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். (நம் பஸ்ஸில் பக்கத்தில் ஆள் இருந்தால்தானே ஒரு தைரியம்? கோமதி இருந்தால் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், அது வேறு விஷயம்.) அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள், காலி சீட்டுகளைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்து மரியாதையாகப் பின்சீட்டுக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து நானும் ஒரு சீட்டு, என் பையும் ஒரு சீட்டு என்று உட்காரப் பழகிக்கொண்டேன். கண்டக்டரும் கிடையாது. சில்லறைக்குச் சண்டை போடக்கூட ஆளில்லாத பஸ்ஸில் ஊர் பார்ப்பது எவ்வளவு துக்கம் என்று அனுபவித்தவனுக்குத்தான் தெரியும்.

நான் திங்கட்கிழமை ஊர் திரும்ப வேண்டும். அதற்கு முந்தின ஞாயிறுதான் மகளுக்குக் கிடைத்த ஒரே லீவு. சனி இரவு டியூட்டி முடித்து ஞாயிறு காலை வருவாள், உச்சிவரை தூங்குவாள், பிறகு இரவுவரை என்னோடு இருப்பாள். நான் வந்ததிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் எதிரெதிராக உட்கார்ந்து ஒரு வேளைகூடச் சாப்பிட்டதில்லை. அந்த ஒரு மத்தியானச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டுதான் மற்ற நாட்களைத் தள்ளினேன்.

அதற்கு என்ன சமைப்பது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தேங்காய் சேர்த்து மசித்து மயக்கிய மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளிதான்), சின்ன வெங்காயத்தை வறுத்த தேங்காயில் குழம்பாக்கிய உள்ளித் தீயலும். கோமதி இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் அதுதான். தீயலுக்கு வேண்டிய பொடியை ஊரிலிருந்தே கொண்டுபோயிருந்தேன். உள்ளியும் உறைந்துபோன தேங்காய்த் துருவலும் மகளின் பிரிட்ஜில் இருந்தன. கிழங்குதான் இல்லை.

பக்கத்து அறையில் ஜின்ஸி என்று ஒரு மலையாளி நர்ஸ். சனிக்கிழமை சாயங்காலம் வராந்தாவில் பார்த்துக் கிழங்கு எங்கே கிடைக்கும் என்று கேட்டேன்.

"அங்கிளே, ஞாயிறாழ்ச இவிடெ ஒந்நும் துறக்கில்லா. அதிர்த்தி கடந்நால் அப்புறத்தெ டவுணில் ஒரு தமிழ்க் கட உண்டு. உச்ச வரெ காணும். பக்ஷே வண்டி இல்லாதெ போகான் பாடாணு."

ஞாயிற்றுக்கிழமை இங்கே எதுவும் திறக்காது, எல்லைக்கு அப்பால் தமிழ்க்கடை ஒன்று உச்சிவரை இருக்கும், வண்டியில்லாமல் போவது கஷ்டம் என்று சொன்னாள். கடைசி வாக்கியம் என் காதில் விழவில்லை. அதாவது விழுந்தது, உள்ளே இறங்கவில்லை. இங்கே அடைப்பு, எல்லைக்கு அப்பால் திறப்பு. இதைவிடப் பழகிய பாதை எனக்கு உண்டா?

ஞாயிறு காலை ஸ்ரீஜா வந்தாள். ஷூவைக் கழற்றியவள் அப்படியே கட்டிலில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் அவளுக்குப் போர்த்திவிட்டு, "கிழங்கு வாங்க எல்லைக்குப் போறேன். நீ எழும்பும்ப வந்திருப்பேன்" என்று ஒரு காகிதத்தில் எழுதி பிரிட்ஜில் ஒட்டிவிட்டுச் சத்தமில்லாமல் வெளியே இறங்கினேன். என் போனில் இருந்தது இந்திய சிம். மகளின் அறையில் வைஃபை இருக்கும்வரைதான் அது போன். படி இறங்கிவிட்டால் டார்ச் லைட்.

தெருவில் ஒரு குஞ்சும் இல்லை. கடைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. கொடி பிடித்துக்கொண்டு நாலு பேர் மட்டும் வந்திருந்தால் சாட்சாத் நெய்யாற்றின்கரை ஹர்த்தால்தான். எனக்கு ஊர் ஞாபகம் வந்து உற்சாகமாகிவிட்டது. எல்லைக்குப் போகிற காலை பஸ்ஸில் ஏறினேன். கடைசி நிறுத்தம் ஒரு கிராமம். பத்துப் பன்னிரண்டு வீடு, ஒரு சர்ச், ஒரு வயலில் ஒரு குதிரை. சின்ன ஓடை ஒன்று, அதன்மேல் பாலம், பாலத்தின் அந்தத் தலைப்பில் பிரான்ஸ் என்று போர்டு. செக்போஸ்ட்டும் இல்லை, லாரி வரிசையும் இல்லை, லாட்டரிக் கடையும் இல்லை. இதெல்லாம் ஒரு எல்லையா என்று எனக்குக் கொஞ்சம் அலட்சியமாகக்கூட இருந்தது.

திரும்பி வர பஸ் உண்டா என்று பார்த்துவைத்துக்கொள்ளும் அளவுக்கு எனக்குப் புத்தி இருந்தது. நிறுத்தத்தில் ஒட்டியிருந்த அட்டவணையில் ஞாயிறு மத்தியானத்துக்குப் பிறகும் வரிசையாக பஸ்கள் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு நேரத்துக்குப் பக்கத்திலும் குட்டியாக ஒரு டெலிபோன் படம். பஸ் வராவிட்டால் புகார் சொல்ல நம்பர் கொடுத்திருக்கிறார்கள் போல, ஜெர்மன்காரன் ஜெர்மன்காரன்தான் என்று மெச்சிக்கொண்டு பாலத்தைத் தாண்டினேன்.

அந்தப் பக்கம் பஸ் நிறுத்தம் இருந்தது. அழகான கண்ணாடிக் கூண்டு, உட்கார பெஞ்சு. பஸ்தான் இல்லை. நான் நின்றேன். எஞ்சின் உறுமுகிற சத்தம் எந்தப் பக்கத்திலிருந்தாவது கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கடைசியில் கார் கழுவிக்கொண்டிருந்த ஒருவர் என்மேல் இரக்கப்பட்டு இங்கிலீஷில் சொன்னார்: "சண்டே, நோ பஸ். டுமாரோ."

எனக்கு நம்பவே முடியவில்லை. எல்லை இருக்கிறது, பஸ் இல்லை! விக்கிரகம் இல்லாத கோயில் மாதிரி இருந்தது. அங்கேயே புத்தி வந்து திரும்பியிருக்கலாம். ஆனால் கிழங்கு இல்லாமல் மகள் முன்னால் போய் நிற்பதா? டவுனுக்கு எப்படிப் போவது என்று கேட்டேன். அவர் வயல்களுக்கு அப்பால் தெரிந்த சர்ச் கோபுரத்தைக் காட்டினார். பார்த்தால் பக்கம்தான். (பார்த்தால் அகஸ்தியர் மலைகூட எங்கள் ஊரிலிருந்து பக்கம்தான்.) நடந்தேன். அந்தக் கோபுரம் நான் ஒரு அடி வைத்தால் ஒரு அடி பின்னால் போனது. இரண்டு பக்கமும் கோதுமை. வழியில் ஒரு டீக்கடை கிடையாது, "எங்கண்ணே நடந்து போறிய?" என்று கேட்க ஒரு நாதி கிடையாது. கேட்டிருந்தால் அழுதிருப்பேன் என்பது வேறு விஷயம்.

தமிழ்க்கடையில் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்கள். நான் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்து, "அண்ணே!" என்று கூப்பிட்டேன். இத்தனை நாளில் அறைக்கு வெளியே நான் சத்தமாகச் சொன்ன முதல் தமிழ் வார்த்தை அது.

கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். என் கோலத்தைப் பார்த்துப் பதறிவிட்டார். "ஐயோ, எங்கையிருந்து வாறியள்? நடந்தே வந்தனீங்கள்? முதல்ல இருங்கோ, தண்ணி குடியுங்கோ."

அந்த "இருங்கோ"வுக்காகவே இன்னொரு தடவை நடந்து வந்திருப்பேன். உட்கார்ந்தேன். கிழங்குக்காக வந்தேன் என்றதும் அவர் சிரித்தார். "மரவள்ளிக்கோ இவ்வளவு தூரம்?" என்று மெழுகு பூசிய நாலைந்து கிழங்கைப் பையில் போட்டுக் கொடுத்தார். மகளைப் பற்றிக் கேட்டார், ஊரைப் பற்றிக் கேட்டார், கோமதியைப் பற்றியும் கேட்டார். நான் தேவைக்கு மேல் பேசினேன். வீட்டுக்குப் போக வேண்டிய மனுஷனைப் பிடித்து வைத்துக்கொண்டு, எங்கள் பக்கத்து வாடகை வீட்டுக்காரர் மோட்டார் வாங்கிய கதைவரை சொன்னேன். அவரும் கேட்டுக்கொண்டிருந்தார். எவ்வளவு தங்கமான மனுஷன்!

பிறகு அவர் என்னைத் தன் காரில் ஏற்றி, நான் செத்துச் சுண்ணாம்பாகி நடந்த தூரத்தை ஒரு பாட்டு முடிவதற்குள் கடந்து பாலத்தருகே வந்தார். "உங்கட மகளின்ர வீட்டையே கொண்டுபோய் விடுறனே. ஞாயிறு பஸ்ஸை நம்பேலாது" என்றார்.

"சே, சே. உங்க சாப்பாட்டு நேரத்தக் கெடுக்காண்டாம். எங்க பக்கம் பஸ் உண்டு. போர்டுல பாத்துட்டுத்தான் வந்தேன்" என்றேன். எங்க பக்கமாம்! ஜெர்மனி என்னமோ என் மாமனார் எழுதி வைத்த தோப்பு மாதிரி.

"மகளுக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லுவமே?" என்று போனையும் நீட்டினார்.

"அவ தூங்குவா. எழுப்பாண்டாம்" என்றேன். அவர் போய்விட்டார்.

நிறுத்தத்தில் நின்றேன். அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அந்த நேரம் வந்தது, போனது. பஸ் வரவில்லை. சரி, வழியில் டயர் பஞ்சராகியிருக்கும். அதற்கடுத்த பஸ்ஸின் நேரமும் வந்தது, போனது. ஒரு சைக்கிள் போனது. குதிரை வேலிக்குப் பக்கத்தில் வந்து என்னைப் பார்த்துவிட்டுச் சுவாரசியமில்லாமல் திரும்பிக்கொண்டது. எதிர்வீட்டு ஜன்னலில் திரைச்சீலை மட்டும் அவ்வப்போது ஒரு விரல் அளவு விலகி மூடியது.

மகள் எழுந்திருப்பாள் என்று நினைத்தேன். பிரிட்ஜில் ஒட்டியதைப் பார்த்திருப்பாள். உள்ளி உரித்து வைத்துக்கொண்டு காத்திருப்பாள். பிறகு பசித்து ரொட்டியைத் தின்றிருப்பாள். ஒரு வேளைச் சாப்பாடு, இருந்ததே அந்த ஒரு வேளைதான், அதைக் கெடுத்துவிட்டு இங்கே கிழங்குப் பையோடு நிற்கிறேனே என்று எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது. கோமதி கூட இருந்திருந்தால் இந்த நேரத்துக்கு அந்தத் திரைச்சீலை வீட்டுக்குள் போய் உட்கார்ந்து, அவர்களுக்கு எத்தனை பிள்ளைகள், எங்கே கட்டிக் கொடுத்திருக்கிறார்கள் என்பதுவரை விசாரித்திருப்பாள். பாஷை அவளுக்கு ஒரு தடையே இல்லை. நான் அவளுக்குப் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நிற்பதோடு சரி. அவள் போனபிறகு எனக்கு நிற்க மட்டும்தான் தெரிந்திருக்கிறது. கண் கலங்கிவிட்டது. குதிரை பார்க்கிறதே என்று துடைத்துக்கொண்டேன்.

அப்போது எதிர்வீட்டுக் கதவு திறந்தது. தும்பைப்பூப் போல நரைத்த ஒரு பாட்டியம்மாள் மர நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் போட்டாள். நம் ஊராக இருந்தால் இன்னொரு நாற்காலியும் வந்து, பூர்வோத்தரம் எல்லாம் விசாரிக்கப்பட்டிருக்கும். இவள் ஜெர்மனில் ஏதோ சொன்னாள். பிறகு கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துக் காதில் வைத்துக் காட்டினாள்.

போன் செய்ய வேண்டுமா என்று கேட்கிறாள், பாவம், நான் வழி தவறி வந்தவன் என்று நினைத்துவிட்டாள் என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "நோ, நோ. தேங்க் யூ. பஸ்!" என்று அட்டவணையைத் தட்டிக் காட்டினேன். அவள் மறுபடி காதில் கையை வைத்தாள். நான் மறுபடி அட்டவணையைத் தட்டினேன். ஊமைப் பரதநாட்டியம் கொஞ்ச நேரம் நடந்தது. அவள் தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே போனாள். நாற்காலி மட்டும் இருந்தது. உட்கார்ந்துகொண்டேன்.

வெயில் சாயத் தொடங்கியபோது தூரத்தில் ஒரு எஞ்சின் சத்தம் கேட்டது. பெரிய பஸ் இல்லை. எட்டுப் பேர் உட்காருகிற வேன், நெற்றியில் என் பஸ்ஸின் நம்பர். எனக்குள் அடங்கிக் கிடந்த மொத்தப் பாறசாலையும் பொங்கிவிட்டது. கிழங்குப் பையை நாற்காலியில் வைத்துவிட்டு டிரைவர் பக்கம் ஓடினேன்.

"வாட் இஸ் திஸ்? ஹவ் மெனி பஸ் கேன்சல்? சீனியர் சிட்டிசன் வெயிட்டிங்! இஸ் திஸ் ஜெர்மனி ஆர் வாட்?" என்று கையை ஆட்டி ஆட்டிக் கத்தினேன். டிரைவர் நடுவயது மனுஷர். முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு மெதுவாகப் பின்பக்கம் தலையைத் திருப்பினார்.

பின்சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. "அப்பா, அந்த மனுஷன ஏசாண்டாம்."

ஸ்ரீஜா! வாரிக் கட்டாத தலை, வீங்கிய கண், நேற்றுப் போட்ட அதே சட்டை.

"மக்கா, நீ எங்க இங்க? பாரு, மத்தியானத்திலேருந்து ஒரு வண்டியும் வரல்ல, இவனுவ..."

"வராது. நீங்க கூப்பிட்டியளா?"

"யாரை?"

"வண்டியத்தான். ஞாயிறு உச்சைக்கு மேல இது கூப்பிட்டா மட்டும் வாற வண்டியாக்கும். டெலிபோன் படம் போட்டிருக்கு இல்லியா? முன்னாலயே விளிச்சு, எங்கேருந்து எங்க, எத்தன பேருன்னு சொல்லணும். ஆரும் விளிக்கல்லன்னா அவரு வீட்டில இருப்பாரு. என்னத்துக்கு வெறும் வண்டிய ஓட்டணும்?"

நான் டிரைவரைப் பார்த்தேன். டிரைவர் என்னைப் பார்த்தார். எதிர்வீட்டுத் திரைச்சீலை முழுசாகவே திறந்திருந்தது. பாட்டியம்மாள் காதில் கையை வைத்து மறுபடி ஒருமுறை காட்டினாள், இப்போது சிரித்துக்கொண்டே. பூமி பிளந்து என்னை உள்ளே வாங்கியிருந்தால் கிழங்குக்கு உரமாகவாவது போயிருப்பேன். "சாரி" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு ஏறி மகள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

வேன் கிளம்பியதும் ஸ்ரீஜா ஆரம்பித்தாள். "எழும்பிப் பாத்தா ஆளக் காணல்ல. போன் இல்லாம, பாஷை தெரியாம, எந்த தைரியத்தில எறங்கினிய? ரோட்டில எல்லாம் தேடி, பின்ன ஒரு வழியா பிரிட்ஜில எழுதினதப் பாத்து, எந்த எல்லைன்னு ஜின்ஸிகிட்ட கேட்டு வண்டிய விளிச்சேன். போறதுக்கு ஒரு ஆளு, வாறதுக்கு ரெண்டு ஆளுன்னு சொன்னேன். எனக்க நெஞ்சு எப்படி அடிச்சுது தெரியுமா? அம்மை போனதுக்குப் பின்ன எனக்கு ஆரு இருக்கா? உங்களுக்கும் வல்லதும் ஆச்சுன்னா?"

அழுதாள். அழுதுகொண்டே திட்டினாள். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருக்கிறேன் என்று திட்டினாள். மாத்திரை சாப்பிட்டீர்களா என்று திட்டினாள். குரல் அப்படியே கோமதி. பிறகு திட்டு தீர்ந்து வார்டைப் பற்றிச் சொன்னாள். அவள் கையைப் பிடித்தபடி செத்துப்போன ஒரு கிழவரைப் பற்றிச் சொன்னாள். இந்த ஊரில் தனக்கும் டியூட்டி முடிந்தால் பேச ஒரு ஆள் இல்லை, ஜின்ஸியும் வேறு ஊருக்கு மாறப்போகிறாள் என்று சொன்னாள். நான் வந்ததிலிருந்து அவள் இவ்வளவு பேசிக் கேட்டதில்லை. பக்கத்து சீட்டில் என் பை இல்லை, என் மகள் இருந்தாள். அந்த வேன் டிரைவர் வழி தவறி பெர்லின்வரை போயிருந்தாலும் நான் புகார் சொல்லியிருக்க மாட்டேன்.

அறைக்கு வந்து, கை கழுவி, கத்தியை எடுத்துக்கொண்டு, "கிழங்க எடுங்க அப்பா" என்றாள்.

கிழங்கு நாற்காலியில் இருந்தது. நாற்காலி எல்லையில் இருந்தது.

ஸ்ரீஜா என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை திட்டவில்லை. தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அங்கே கோடையில் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்திலும் வெயில் அடிக்கும். அந்த வெயிலில் இரண்டு பேரும் எதிரெதிராக உட்கார்ந்து ரொட்டியைத் தீயலில் முக்கித் தின்றோம். தீயல் கொஞ்சம் கரிந்திருந்தது. மறுநாள் விடியும் முன் அவள் டியூட்டிக்குப் போனாள், நான் ரயிலேறி விமானத்துக்குப் போனேன்.

அடுத்த லீவில் ஸ்ரீஜா அந்தப் பாட்டியம்மாளுக்கு நன்றி சொல்லப் போனாள் (வண்டியை விளித்துத்தான்). பெயர் ஹில்டா. தனியாக இருக்கிறாள். நான் விட்டுவந்த கிழங்குகளை ஏதோ இந்தியப் பூச்செடியின் கிழங்கு என்று நினைத்து, நாலு தொட்டியில் நட்டு ஜன்னலோரம் வைத்திருந்தாளாம். மரச்சீனிக்குக் கம்பைத்தான் நட வேண்டும், கிழங்கை நட்டால் அழுகும் என்பது பாறசாலையில் கைக்குழந்தைக்கும் தெரியும். வீடியோ காலில் ஹில்டா அந்தத் தொட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, எவ்வளவு தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று கேட்டபோது எனக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. கொஞ்சமாக ஊற்றச் சொன்னேன். ஸ்ரீஜா லீவு கிடைக்கும்போதெல்லாம் இப்போது அங்கேதான் போகிறாள். ஹில்டா அம்மாள் கேக் சுடுகிறாள், இவள் தீயல் வைக்கிறாள்.

கதை ஊருக்கு வராமல் இருக்குமா? மகள் மாமனிடம் சொன்னாள். நெய்யாற்றின்கரையில் இருக்கிற என் மச்சினன் வாயில் விழுந்தது ஊர் வாயில் விழுந்த மாதிரி. கல்யாண வீட்டில் பந்தி தாமதமானால், "அத்தான், சாம்பாருக்கு விளிச்சாச்சா? கூப்பிட்டாத்தான் வருமாக்கும்" என்பான். நான் பனச்சமூட்டில் பஸ்ஸுக்கு நின்றால் ஸ்கூட்டரில் போகிறவர்கள் காதில் கையை வைத்துக் காட்டிவிட்டுப் போகிறார்கள். முன்னெல்லாம் முறைப்பேன். இப்போது நானும் பதிலுக்குக் கையைக் காட்டிவிடுகிறேன்.

மகள் ஒவ்வொரு முறை போன் செய்யும்போதும், "எனக்கு இங்க ஒரு கொறையும் இல்ல மக்கா, லீவு கெடைச்சா பாத்து வா, அவசரமில்ல" என்றுதான் நான் சொல்வது. அவளும் சரி என்பாள். அவளுக்கு ஊருக்கு வர லீவு கிடைக்காமலே இரண்டு ஓணம் போய்விட்டது. ஒரு ஆடி மாதச் சாயங்காலம், வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. கஞ்சியை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன், என்ன தோன்றியதோ, போனை எடுத்து நானே அழைத்தேன்.

"என்னப்பா இந்த நேரத்தில? மேலுக்கு சுகமில்லியா?" என்று பதறினாள்.

"சுகமாத்தான் இருக்கேன். எனக்கு ஒற்றைக்கு இருக்க முடியல்ல மக்கா. அதாக்கும் கூப்பிடுறேன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. பிறகு அந்த வேன் ஆபீஸ்காரி மாதிரிக் குரலை மாற்றிக்கொண்டு கேட்டாள்.

"எங்கேருந்து எங்க? எத்தன பேரு?"

"ஜெர்மனியிலேருந்து பாறசாலைக்கு" என்றேன். "ஒரு ஆளு."

ஓணத்துக்கு நாலு நாள் முன்னால் வந்து சேர்ந்தாள்.